சிற்றூர் நினைவைப் பாடும் கண்ட்ரி பாட்டுகள்: கார்ட் சரி, ஆனால் ஊர் வாசனை வரவில்லை, ஏன்?

#1 ஆறாம்கம்பி

வணக்கம். ஊர் நினைவைப் பாடும் அமெரிக்கக் கண்ட்ரி பாட்டுகளில் மூன்றை மேடைக்குத் தயார் செய்கிறோம். ஜான் டென்வரின் 'டேக் மீ ஹோம், கண்ட்ரி ரோட்ஸ்' (1971), ஜான் பிரைனின் 'பாரடைஸ்' (1971), லொரெட்டா லின்னின் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (1970). ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு எலெக்ட்ரிக், பேஸ், ஒரு பெண் குரல். டிரம்ஸ் கிடையாது.

கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எல்லாம் சரியாகத்தான் விழுகிறது, சுருதியும் பிசகவில்லை. ஆனாலும் பதிவு செய்து கேட்டால் சுற்றுலா பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து பாடுவது போல இருக்கிறது. அசல் பதிவில் உள்ள அந்த ஏக்கம் இல்லை. மூன்று கேள்விகள்:

வலது கை ஸ்ட்ரம்மிங்கில் எதை மாற்ற வேண்டும்? பெடல் ஸ்டீல் (காலால் பெடல் மிதித்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்) இல்லாமல் அந்த இழுப்பை எப்படிக் கொண்டு வருவது? பாடுபவர் வரிகளை எப்படிப் புரிந்துகொண்டு பாட வேண்டும்?

#2 தாளக்கட்டு

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது ஒரே தவறுதான்: எல்லா அடியிலும் ஆறு கம்பியையும் வழித்துவிடுவது. கண்ட்ரியில் முதல் அடியும் மூன்றாம் அடியும் ஒற்றை பேஸ் கம்பிக்கு மட்டும். இரண்டும் நான்கும் மெல்லிய கம்பிகளுக்கு. "பூம், சிக், பூம், சிக்" என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்.

ஜி கார்டில் முதல் அடி ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், மூன்றாம் அடி நாலாம் கம்பி திறந்தபடி. சி கார்டில் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், பிறகு அதே விரலை ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்த வேண்டும். இந்த நகர்த்தலைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். சி-யில் பேஸ் மாறாமல் நின்றால் பாட்டு நொண்டும். டி கார்டில் நாலாம் கம்பி, ஐந்தாம் கம்பி, இரண்டும் திறந்தபடி. இ மைனரில் ஆறாம் கம்பி திறந்தபடி, பிறகு ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்.

அடுத்தது நடை, அதாவது ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் பேஸ் ஸ்வரம் படிப்படியாகப் போவது. ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது கடைசி பாரின் (ஒரு தாளச் சுற்றின்) மூன்றாம், நாலாம் அடியில் ஸ்ட்ரம்மை விட்டுவிட்டு ஐந்தாம் கம்பி திறந்தபடி, ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், அப்படியே சி-யில் இறங்குங்கள். டி-யிலிருந்து ஜி-க்கு ஆறாம் கம்பி திறந்தபடி, இரண்டாம் ஃப்ரெட், மூன்றாம் ஃப்ரெட். உங்களிடம் பேஸ் கிட்டார் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: அவரும் நடந்து நீங்களும் நடந்தால் அந்த இடம் சேறாகிவிடும். யார் நடப்பது என்று சரணத்துக்குச் சரணம் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் அந்த இரண்டு அடியும் சும்மா இருக்க வேண்டும்.

இந்த வாசிப்பு முறைக்கு வேர் மேபெல் கார்ட்டர். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் ஊரில் ரால்ஃப் பியர் பதிவு செய்த கார்ட்டர் குடும்பத்துப் பாட்டுகளைக் கேளுங்கள். கட்டைவிரலால் பேஸ் கம்பியில் மெட்டையே வாசித்துக்கொண்டு, மற்ற விரலால் மேல் கம்பிகளை உரசுகிறார். ஒரு கிட்டாரில் இரண்டு பேர் இருப்பது போலக் கேட்கும். அந்தப் பிரிஸ்டலே ஒரு விசேஷமான ஊர். அதன் பெரிய தெருவின் நடுவே டென்னசிக்கும் வெர்ஜினியாவுக்கும் எல்லைக்கோடு ஓடுகிறது.

'பாரடைஸ்' மூன்றடித் தாளம். நம் கணக்கில் தகிட, தகிட. "த" பேஸ், "கி" ஸ்ட்ரம், "ட" அதைவிட மெதுவான ஸ்ட்ரம். மூன்றையும் ஒரே சத்தத்தில் அடித்தால் ராட்டினத்துப் பாட்டு போல ஆகிவிடும். பார் மாறும்போது பேஸும் மாற வேண்டும்: டி-யில் ஒரு பார் நாலாம் கம்பி, அடுத்த பார் ஐந்தாம் கம்பி.

டிரம்ஸ் இல்லை என்றீர்கள். ஜானி கேஷ் தொடக்க காலத்தில் டிரம்ஸ் இல்லாமல்தான் வாசித்தார். ஒரு தாளை நீளமாக மடித்து, கம்பிகளுக்கு மேலும் கீழுமாகப் பின்னி நுழைத்து வைப்பார். ஸ்ட்ரம் பண்ணினால் ஸ்னேர் டிரம்மை பிரஷால் தட்டுவது போல "சக் சக்" என்று வரும். விசிட்டிங் கார்டு தடிமனில் எடுத்தால் சுருதியே அமுங்கிப்போகும், சாதாரணத் தாள் போதும்.

#3 தூரத்துரயில்

மூன்றாவது கேள்விக்கு என் பதில், ஏனென்றால் மற்ற இரண்டும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இந்தப் பாட்டுகள் ஊரில் இருப்பவர் பாடுவதல்ல. ஊரை விட்டுப் போனவர் பாடுவது. இந்தத் தூரத்தை உணராமல் பாடினால் ஊர்ப்பெருமை மட்டும் மிஞ்சும், ஏக்கம் வராது.

சரித்திரமும் அதுதான். கிழக்குக் கென்டக்கியின் நிலக்கரி மலைகளிலிருந்து ஒஹாயோவுக்கும் மிச்சிகனுக்கும் தொழிற்சாலை வேலை தேடிக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போன பாதைகளில் பெரியது யு.எஸ். 23 நெடுஞ்சாலை. அந்தச் சாலையை ஒட்டிய கென்டக்கி ஊர்களில் பிறந்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்: லொரெட்டா லின், அவர் தங்கை கிரிஸ்டல் கேல், டாம் டி. ஹால், ரிக்கி ஸ்காக்ஸ், பேட்டி லவ்லெஸ், டுவைட் யோகம். அந்த மாநிலம் 1994-இல் அந்தச் சாலைத் துண்டுக்குக் கண்ட்ரி மியூசிக் நெடுஞ்சாலை என்றே பெயர் வைத்தது. பைக்வில்லில் பிறந்து ஒஹாயோவின் கொலம்பஸில் வளர்ந்த யோகம், அந்தச் சாலையின் எண்ணையே தலைப்பில் வைத்துப் பாடியிருக்கிறார்.

பாபி பேர் 1963-இல் பாடிய 'டெட்ராய்ட் சிட்டி' இந்த வகைக்கு இலக்கணம். டேனி டில்லும் மெல் டில்லிஸும் எழுதியது. ஊரில் உள்ளவர்கள் இவன் பெரிய ஆளாகிவிட்டான் என்று நம்புகிறார்கள், ஏனென்றால் இவன் எழுதும் கடிதம் அப்படி. உண்மையில் பகலில் கார் செய்கிறான், இரவில் பாரில் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் ஒரு பகுதியைப் பாடாமல் பேசுகிறார். அந்தப் பேச்சில்தான் வேஷம் கலைகிறது. இதைப் படிக்கும்போது வளைகுடாவுக்குப் போன நம்மவர் கடிதங்கள் யாருக்கும் நினைவு வரும்.

'பாரடைஸ்' இன்னும் ஒரு படி மேல். பிரைன் வளர்ந்தது சிகாகோ பக்கத்தில் மேவுட். பாரடைஸ் அவருடைய பெற்றோர் ஊர், கென்டக்கியின் முலென்பெர்க் கவுண்டியில் கிரீன் ஆற்றங்கரையில் இருந்தது. மேல்மண்ணைச் சீவி நிலக்கரி எடுத்தார்கள், பக்கத்தில் அனல் மின் நிலையம் வந்தது, 1967-இல் மிச்சமிருந்த ஊரையும் இடித்துவிட்டார்கள். பாட்டில் மகன் தந்தையிடம் அந்த ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்கிறான். தந்தை, நீ கேட்க நேரமாகிவிட்டது, ரயில் அந்த ஊரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்கிறார். ஆகவே பல்லவியைக் கைதட்டல் வாங்கும் இடமாக எடுக்காதீர்கள். பையனின் கேள்வி ஒரு குரல், அப்பாவின் பதில் இன்னொரு குரல். பதில் வரும்போது சத்தத்தைக் குறைத்தால் போதும். ஏக்கத்தை நடித்துக் காட்டத் தேவையில்லை.

#4 பெடல்பிரியை

தூரத்துரயில் அண்ணா சொன்ன அந்தத் தூரத்தை வாத்தியத்தில் வைத்திருப்பது பெடல் ஸ்டீல். பாடகர் ஒரு வரி பாடி மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் அது பேசும், வரிக்குள் நுழையாது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கிட்டாரில் நகல் எடுப்பது சுலபம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் கோட்டுவாத்தியம் போலத்தான்: இடது கையில் ஒரு கட்டை, கம்பி மேல் சறுக்கும். இங்கே அது எஃகுக் கட்டை, அதனால்தான் ஸ்டீல். வித்தியாசம் காலில் இருக்கிறது. கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் வழக்கமான இ9 சுருதியில் பத்துக் கம்பி. வாசிப்பவரிடமிருந்து எட்ட இருக்கும் முதல் கம்பியிலிருந்து எண்ணினால் எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. 'ஏ' பெடலை மிதித்தால் இரண்டு பி கம்பிகளும் ஒரு முழு ஸ்வரம் ஏறி சி ஷார்ப் ஆகும். 'பி' பெடலை மிதித்தால் ஜி ஷார்ப் கம்பிகள் அரை ஸ்வரம் ஏறி ஏ ஆகும். இரண்டையும் சேர்த்து மிதித்தால், கட்டையை அசைக்காமலே, இருந்த இடத்தில் முதல் கார்டு (இ) நாலாம் கார்டாக (ஏ) மாறிவிடும். மூன்று கம்பியில் ஒன்று அப்படியே நிற்க, மற்ற இரண்டு மெதுவாக ஏறுவது. நீங்கள் கேட்கும் "இழுப்பு" இதுதான். சறுக்கினால் எல்லாக் கம்பியும் சேர்ந்து போகும். பெடலில் ஒன்று ஊரில் நிற்கும், இன்னொன்று கிளம்பும்.

1954-இல் வெளியான வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படிக் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அதற்குப் பிறகு நாஷ்வில்லில் எல்லோருக்கும் அது வேண்டியதாயிற்று.

யாராவது வாடகைக்கு எடுத்து வாசிக்க நினைத்தால், தவறுவது எங்கே என்று சொல்லிவிடுகிறேன். கட்டை ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கோடு வெறும் அடையாளம், கம்பி அதைத் தொடுவதில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண் ஏமாற்றும், சுருதி போகும். இரண்டாவது, டியூனர் காட்டும் நடுக்கோட்டில் ஜி ஷார்ப் கம்பிகளை வைத்தால் கார்ட் புளிக்கும். சுத்தமான மூன்றாம் ஸ்வரம் டியூனர் காட்டுவதைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே இருக்கிறது. பலரும் 10 முதல் 14 சென்ட் வரை இறக்கி, காதால் முடிவு செய்வார்கள். மூன்றாவது, பெடல்களை மிதிக்கும்போது வாத்தியத்தின் உடல் சற்று வளைந்து, சம்பந்தமே இல்லாத கம்பிகளும் லேசாக இறங்கும். பழைய வாத்தியங்களில் இது அதிகம். வாங்கும் முன் இ கம்பியை டியூனரில் வைத்து 'ஏ', 'பி' இரண்டையும் மிதித்துப் பாருங்கள், முள் எவ்வளவு ஆடுகிறதென்று தெரிந்துவிடும்.

வால்யூம் பெடலைப் பாதியில் வைத்துத் தொடங்க வேண்டும். கம்பியை மீட்டி, சத்தம் அடங்க அடங்கப் பெடலை ஏற்றினால் நாதம் நீளும். தொடக்கத்திலேயே முழுவதும் ஏற்றிவிட்டால் நீட்ட மிச்சமிருக்காது.

#5 ஆறாம்கம்பி

பெடல்பிரியை அக்கா, மிக்க நன்றி. எங்களிடம் ஸ்டீல் கிடையாது. எலெக்ட்ரிக் கிட்டார் ஸ்ட்ராட் வகை, டிரெமோலோ பாலம் (கம்பிகளைத் தாங்கும் பகுதி) மிதக்கும்படி வைத்தது. பெண்ட் செய்தால் (கம்பியை விரலால் தள்ளிச் சுருதி ஏற்றினால்) மற்ற கம்பிகள் இறங்கிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

#6 பெடல்பிரியை

கண்ட்ரிக்காரர்கள் டெலிகாஸ்டர் கிட்டாரை விடாமல் பிடித்திருக்க அதுவும் ஒரு காரணம். அதன் பாலம் நிலையானது. ஒரு கம்பியை இழுத்தால் மற்றது நகராது. மிதக்கும் பாலத்தில் ஒரு கம்பியின் இழுவிசை கூடினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து எல்லாக் கம்பியும் தளரும். பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங் கொக்கியின் இரண்டு திருகையும் இறுக்கி, பாலம் கிட்டாரின் உடலில் படிந்து உட்காரும்படி செய்யுங்கள். மூன்று ஸ்பிரிங் போதவில்லை என்றால் ஐந்தும் போடுங்கள். பிறகு மறுபடி சுருதி சேர்த்து, பாலம் இறங்கியதால் கம்பி ஃப்ரெட்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாற்றக் கூடாது என்றால் வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பாலத்தின் மேல் அழுத்தி வைத்து வாசிக்கலாம், ஆனால் இரண்டு பாட்டில் கை வலிக்கும்.

இப்போது நகல். டி கார்டுக்கு: சுண்டுவிரலைப் படுக்கவைத்து முதல், இரண்டாம் கம்பிகளைப் பத்தாம் ஃப்ரெட்டில் பிடியுங்கள். மோதிரவிரல் மூன்றாம் கம்பி ஒன்பதாம் ஃப்ரெட். நடுவிரலும் சுட்டுவிரலும் அதன் பின்னால் துணைக்கு. மூன்றையும் சேர்த்து மீட்டி, மூன்றாம் கம்பியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றுங்கள். இ, எஃப் ஷார்ப் ஆகும். மற்ற இரண்டும் அசையக் கூடாது.

சரியாக ஏறுகிறதா என்று பார்க்க முதலில் அதே கம்பியின் பதினோராம் ஃப்ரெட்டை வாசித்துக் காதில் வைத்துக்கொண்டு, பிறகு பெண்ட் செய்யுங்கள். பெரும்பாலும் இலக்கைத் தாண்டிப் போய்விடும். பெடல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தானாக நிற்கும், விரலுக்கு அந்தத் தடுப்பு இல்லை. வேகமும் முக்கியம். ராக் பெண்ட் போல வெடுக்கென்று போகாமல், ஓர் அடி முழுவதும் எடுத்துக்கொண்டு சமமாக ஏறுங்கள். மேலே போனதும் அதிர்வு கொடுக்க வேண்டாம். கம்பி 9-42 செட் போதும், மூன்றாம் கம்பி முறுக்கு சுற்றாத வெறும் கம்பியாக இருக்க வேண்டும்.

எதிரொலி 80 முதல் 130 மில்லி விநாடிக்குள், ஒரே ஒரு திருப்பம். இரண்டு மூன்று திருப்பம் வைத்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும், வெறுமை போய்விடும். அந்த வெறுமைதான் இங்கே வேண்டும்.

தோள் பட்டையை இழுத்தால் பி கம்பி மட்டும் ஏறும் கருவியைக் கிளாரன்ஸ் ஒயிட்டும் ஜீன் பார்சன்ஸும் 1960-களின் கடைசியில் டெலிகாஸ்டருக்குள் பொருத்தினார்கள். அது இருந்தால் சுகம். ஆனால் ஒரு மேடைக்காகக் கிட்டாரைக் குடைய வேண்டாம்.

#7 கல்லூரிச்சாலை

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கண்ட்ரி ரோட்ஸ்' மேற்கு வெர்ஜினியாவைப் பற்றியதா? பாட்டில் வரும் மலைத்தொடரும் ஆறும் பெரும்பகுதி பக்கத்து மாநிலமான வெர்ஜினியாவில் இருக்கின்றன. எழுதிய பில் டானாஃப், டாஃபி நிவர்ட் இருவருமே அந்த மாநிலத்துக்காரர்கள் இல்லை. மேரிலாந்தில் கிளாப்பர் ரோடு என்ற சாலையில் போகும்போது தோன்றியது என்று அவர்களே சொன்னதுதான். ஊரே தெரியாதவர் எழுதிய ஊர்ப்பாட்டில் என்ன உண்மை?

#8 தூரத்துரயில்

நியாயமான கேள்வி. ஆனால் அந்த மாநிலம் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. 2014-இல் அதிகாரபூர்வ மாநிலப் பாட்டுகளில் ஒன்றாகவும் ஆக்கியது. டெக்சஸின் லக்கன்பாக்கும் இப்படித்தான். 1977-இல் வேலன் ஜென்னிங்ஸ் பாடி அந்தக் குக்கிராமம் உலகப் புகழ் பெற்றது, பாடும்போது அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

எழுதியவர் அந்த ஊர்க்காரரா என்பதை நான் உண்மைக்கு அளவாக எடுக்கமாட்டேன். பாட்டில் உள்ள ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பேன். 'கண்ட்ரி ரோட்ஸ்' ஆள் காரில் இருக்கிறார், ரேடியோ கேட்கிறார், இன்னும் போய்ச் சேரவில்லை. பாட்டு முடியும்போதும் சேரவில்லை. ஊர்ப்பெயரை மாற்றிப் பாடினாலும் அது நிற்பதற்குக் காரணம் அந்த நடுவழி.

#9 மூன்றாம்சரணம்

எனக்கு இந்த விஷயத்தில் கல்லூரிச்சாலை பக்கம்தான் சாய்வு. நடுவழி ஏக்கம் நல்லதுதான். ஆனால் ஊரில் பிறந்தவர் எழுதினால் மட்டும் வரும் ஒன்று இருக்கிறது, அது பொருள்களின் கணக்கு.

'கோல் மைனர்ஸ் டாட்டர்' எடுத்துக்கொள்ளுங்கள். லின் பிறந்தது கென்டக்கியின் புட்சர் ஹாலோ. அப்பாவுக்குப் பக்கத்திலிருந்த வான் லியர் சுரங்கத்தில் வேலை. பாட்டில் வறுமை என்று புலம்பல் கிடையாது. சலவைப் பலகையில் துணி தேய்த்து அம்மாவின் விரலில் ரத்தம். கோடையில் வெறுங்கால், குளிர்காலத்தில் தபாலில் வரவழைத்த புதுச் செருப்பு, அதற்குக் காசு ஒரு பன்றியை விற்றது. பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று அந்த ஒரே இடத்தில் ஒரு குடும்பத்தின் வரவுசெலவு தெரிகிறது. வெளியாள் எழுதினால் "ஏழைதான், ஆனாலும் அன்பு இருந்தது" என்பதோடு நின்றிருப்பார். லின்னும் அதைச் சொல்கிறார், ஆனால் பன்றியை விற்ற கணக்கும் கூடவே வருவதால் நம்புகிறோம். கடைசியில் திரும்பிப் போகும்போது வீட்டில் தரையைத் தவிர அதிகம் எதுவும் மிச்சமில்லை. முதலில் இன்னும் நீளமாக எழுதியிருந்தார். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டிய பிறகும் இவ்வளவு பொருள் நிற்கிறது.

ஆறாம்கம்பி, உங்கள் பாடகிக்கு ஒரு முக்கியமான குறிப்பு. லின் மலைநாட்டு உச்சரிப்பில் பாடுகிறார். "டயர்ட்" என்பதை "டார்ட்" என்று சொல்வார், அப்போதுதான் முந்தைய வரியின் "ஹார்ட்" என்ற சொல்லோடு இயைபு சேரும். கான்வென்ட் ஆங்கிலத்தில் திருத்திப் பாடினால் இயைபு உடைந்து வரி தொங்கும். "போர்ன்" என்பதையும் "போர்ன்ட்" என்றுதான் பாடுகிறார். அதையும் திருத்தாதீர்கள். மற்ற இடங்களில் வலிந்து அமெரிக்கக் குரல் எடுக்கத் தேவையில்லை. இயைபு விழும் சொற்களை மட்டும் அவர் சொல்வது போலச் சொன்னால் போதும்.

இன்னொன்று, இந்தப் பாட்டில் நடுவில் சுருதி அரை ஸ்வரம் ஏறும். கேபோ (கிட்டார் கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்) போட்டு வாசித்தால் அந்த நேரத்தில் நகர்த்த முடியாது. அக்கூஸ்டிக் அந்த இடத்திலிருந்து பேரே கார்டுக்கு (ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல கம்பிகளைப் பிடிப்பது) மாறட்டும்.

2010-இல் மிராண்டா லாம்பர்ட் பாடிய 'தி ஹவுஸ் தட் பில்ட் மீ' பாட்டையும் பாருங்கள். எழுதியவர்கள் டாம் டக்ளஸ், ஆலன் ஷாம்ப்ளின். ஒரு பெண் தான் வளர்ந்த வீட்டின் கதவைத் தட்டி, இப்போது அங்கே இருப்பவரிடம் உள்ளே வரலாமா என்று கேட்கிறாள். வாசல் படியில் பதிந்த கைத்தடம் தன்னுடையது என்கிறாள். மாடியில் பின்பக்கத்துச் சின்ன அறையில்தான் வீட்டுப்பாடம் எழுதியதும் கிட்டார் கற்றதும். முற்றத்து ஓக் மரத்தடியில் அவள் நாயைப் புதைத்திருக்கிறார்கள், அது குடியிருப்பவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு உரிமை இருக்கிறது, ஒருவருக்குப் பத்திரம், ஒருவருக்கு நாய். பாட்டின் பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான்.

#10 கல்லூரிச்சாலை

அருமை. ஆனால் எல்லாருக்கும் ஊர் இனிக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சார்லி பிரைட் மிசிசிப்பியின் ஸ்லெட்ஜ் ஊரில் குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்த கறுப்பினப் பாடகர். 1974-இல் அவர் பாடிய டெல்டா ஊர்ப்பாட்டில் பருத்தி பறிப்பதும் புழுதியும்தான் நினைவு. கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவர் ஹார்மோனிகா வாசித்த டிஃபோர்ட் பெய்லி, அவரும் கறுப்பினத்தவர். கார்ட்டர் குடும்பத்து ஏ.பி. கார்ட்டர் மலை மலையாகப் போய்ப் பாட்டு சேகரித்தபோது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டு ரிடிலின் மனதில் பதியும். "வெள்ளைக்காரக் கிராமத்துப் பாட்டு" என்று அறிவிப்பாளர் மேடையில் சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழியாக வந்த வாத்தியம்.

ஊர் வாயைப் பற்றிய பாட்டுகளும் இந்த வகைதான். 1967-இல் பாபி ஜென்ட்ரி பாடிய 'ஓட் டு பில்லி ஜோ'வில் ஓர் இளைஞன் பாலத்திலிருந்து குதித்த செய்தி சாப்பாட்டு மேசையில் வருகிறது. கூடவே பயறு பாத்திரம் கைமாறுகிறது. துக்கத்தைவிட அந்தப் பாத்திரம் நகர்வதுதான் நெஞ்சில் நிற்கிறது. அடுத்த ஆண்டு டாம் டி. ஹால் எழுதி ஜீனி சி. ரைலி பாடிய 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.' ஊர்ப்பெரியவர்களின் முகத்திரையைப் பள்ளிப் பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைத்தே கிழிக்கிறது. 2012-இல் கேசி மஸ்கிரேவ்ஸின் 'மெரி கோ ரவுண்ட்' சிற்றூரில் கல்யாணமும் சலிப்பும் ஒரே வட்டமாகச் சுற்றுவதைச் சொன்னது. உங்கள் மூன்று பாட்டோடு இதுபோல ஒன்றைச் சேர்த்தால் அந்த மூன்றும் இன்னும் ஆழமாக ஒலிக்கும்.

#11 அலைவரிசை650

ஒரு சின்னக் குறிப்பு. இந்தப் பாட்டுகளில் ரேடியோ அடிக்கடி வருவதற்கு நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தைத் தெரிந்திருக்க வேண்டும். 650 கிலோஹெர்ட்ஸ், 1932 முதல் 50 கிலோவாட். பகலில் அயனமண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு கரைந்து, அலை மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். ஆகவே ஊரை விட்டு வடக்கே போனவருக்குச் சனிக்கிழமை இரவு ஓப்ரி நிகழ்ச்சி கேட்கும், ஏறி இறங்கி, கரகரத்து. ஸ்டீல் கிட்டாரின் ஏறி இறங்கும் ஒலியும் அந்த ரேடியோ அலையும் கேட்டவர் மனதில் ஒன்றாகப் பதிந்ததில் வியப்பில்லை.

#12 வேப்பமரத்தடி

வணக்கம், இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். இதே வகையில் தமிழில் ஒரு பாட்டு எழுத ஆசை. கண்ட்ரி தாளத்தில் தமிழ் வரிகள் ஏன் இடறுகின்றன?

#13 மூன்றாம்சரணம்

எடுப்புதான் காரணம். ஆங்கில வரி பெரும்பாலும் அழுத்தமில்லாத சின்னச் சொல்லில் தொடங்கித் தாளத்துக்கு முன்பே கிளம்பும், நம் கணக்கில் அதீத எடுப்பு. 'பாரடைஸ்' வரிகளைக் கேட்டால் தெரியும். தமிழ்ச் சொல்லுக்கு முதல் அசையில்தான் கனம். அதைத் தாளத்துக்கு முன்னால் தள்ளினால் சொல் சிதையும். அதனால் தமிழில் சம எடுப்பில், பேஸ் கம்பி விழும் அடியிலேயே தொடங்குங்கள். நெடில் "பூம்" மேல் விழட்டும், குறில்கள் "சிக்"கில் ஓடட்டும்.

வினைமுற்று இன்னொரு தொல்லை. "இருந்துகொண்டிருந்தது" என்று வரி முடிந்தால் ஸ்டீல் பதில் சொல்ல இடமே இருக்காது. வரியைப் பெயர்ச்சொல்லில் முடித்துவிட்டு இரண்டு அடி விடுங்கள். உதாரணத்துக்கு:

ரயில் நிக்காத ஸ்டேஷன் வாசல்,
ரெண்டு கால் போன பெஞ்சு...

இதற்குப் பிறகு "பாழடைந்து கிடக்கிறது" என்று சேர்க்கத் தேவையில்லை. பெஞ்சே சொல்லிவிடும். மூன்றாம் சரணத்தில் அதே பெஞ்சுக்கு மறுபடி போங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: யாரோ செங்கல் வைத்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது போல. பல்லவி அப்படியே இருக்கட்டும், பெஞ்சு மாறியதால் பல்லவியின் பொருளும் மாறும். ஒரு சரணத்துக்கு இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். வயல், கோயில், ஆறு, ஆலமரம் என்று அடுக்கினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும், அதனால் எந்த ஊரும் அல்ல.

#14 ஆறாம்கம்பி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பாலத்தை இறக்கிவிட்டோம், சுருதி நிற்கிறது. 'டெட்ராய்ட் சிட்டி'யையும் சேர்த்துக்கொண்டோம். எண் முறையில் (ஸ்கேலின் முதல் ஸ்வரத்துக் கார்டு 1, நாலாம் ஸ்வரத்துக் கார்டு 4 என்று) சார்ட் எழுதிப் பார்த்தேன், பாடகிக்குச் சுருதி மாற்றினாலும் மறுபடி எழுத வேண்டாம் என்பதற்காக. அடிக்கோடு போட வசதியில்லாததால், ஒரே பாரைப் பகிரும் கார்டுகளை அடைப்புக்குள் போட்டிருக்கிறேன். கழித்தல் குறி மைனருக்கு.

'பாரடைஸ்', சரணமும் பல்லவியும் ஒன்றே, மூன்றடி:
1 1 4 1 / 1 1 5 1

'கண்ட்ரி ரோட்ஸ்' சரணம்:
1 / 6- / 5 / (4 1)

பல்லவி:
1 / 5 / 6- / 4 / 1 / 5 / 4 / 1

பிரிட்ஜ் (நடுவில் வேறு மெட்டில் வரும் பகுதி):
(6- 5) / 1 / (4 1) / 5 / (6- 5) / (4 1) / 5 / 5⁷

அசல் ஏ-யில் இருப்பதால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேபோ, ஜி வடிவங்கள். சரிபார்த்துச் சொல்ல முடியுமா?

#15 தாளக்கட்டு

பிரிட்ஜின் ஐந்தாம் பார் மட்டும் தப்பு, தம்பி. முதல் பாரைப் பார்த்து எழுதிவிட்டீர்கள் போல. அது (6- ♭7), ♭7 என்றால் ஏழாம் ஸ்வரத்தை அரை ஸ்வரம் இறக்கி அதில் எழும் கார்ட். உங்கள் கேபோவில் இ மைனர், எஃப். பேரே கஷ்டமென்றால் மேல் நாலு கம்பி எஃப் போதும், ஆனால் கண்டிப்பாக அதுதான் வர வேண்டும். பாட்டு முழுக்க அந்த ஸ்கேலுக்கு வெளியே இருக்கும் ஒரே கார்ட் அது, விழும் இடம் "சாலை" என்ற சொல். ஊருக்குள் இருக்கும் கார்டுகளை விட்டு அந்த ஓர் இடத்தில்தான் பாட்டு வெளியே காலெடுத்து வைக்கிறது. 5 போட்டால் அது நடக்காமலே போய்விடும்.

அந்த அரை பாரில் பேஸ் நடக்க வேண்டாம், எஃப்-இன் மூலஸ்வரத்தில் நிற்கட்டும். எலெக்ட்ரிக் கையை எடுத்துவிடட்டும். கடைசி 5⁷-க்கு அவர் திரும்பி வந்தால் போதும். மற்றதெல்லாம் சரி.